வானம் திரும்பிச் சுற்றிய ஒன்பது நாள்

செவ்வாய், மாலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மேலே போவதுதான் வழக்கம், ஆனால் சரிபார்க்காமல் எதையும் எழுதும் தைரியம் இப்போது எனக்கு இல்லை, அதனால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அம்மாவுக்கு இடது முழங்காலில் வலி, மற்றபடி நலம், குரலுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். மாடிப்படியில் நாலாவது படி இன்னும் ஆடுகிறது, தச்சர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் உடம்பால் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். போனில் எனக்குப் பாதி காதில் விழுவதில்லை, விழுந்த பாதிக்குப் பதில் யோசிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய், ஆகவே கடிதம்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தன. முதலாவது பேரனின் புகார். நான் அனுப்பிய புத்தகத்தில் நட்சத்திரங்கள் இடமிருந்து வலமாக நகரும் என்று போட்டிருக்கிறது, உங்கள் பால்கனியில் நின்று பார்த்தால் வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரமும் வலமிருந்து இடமாகப் போகின்றன, ஆகவே தாத்தா தப்பு என்று சொல்கிறானாம். தாத்தா தப்பு என்பதற்கு அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடு. காரணம்தான் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். அவனிடம் இப்படிச் சொல். நட்சத்திரம் எங்கேயும் போகவில்லை, போவது நாம்தான். முடிவெட்டும் கடையில் நம்மைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, காதோரம் வெட்டுவதற்காக நாற்காலியை மெல்லத் திருப்புவார்களே, அப்போது எதிரே இருக்கிற அலமாரி, பவுடர் டப்பா, காலண்டர் எல்லாம் வரிசையாக மறுபக்கம் நகர்ந்து போகும். அலமாரிக்குக் கால் முளைத்துவிட்டது என்று எவனும் கத்துவதில்லை. பூமிதான் நம் நாற்காலி, அது மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்புகிறது, அதனால் வானத்தில் இருப்பதெல்லாம் கிழக்கிலிருந்து மேற்காகப் போவதுபோல் தெரிகிறது. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் பத்துப் பாகை, ஒரு மணி நேரத்தில் ஒரு நட்சத்திரம் ஒன்றரை முட்டி போகும், பேரனின் முட்டி சின்னது என்றாலும் கையும் அதற்கேற்றபடி குட்டைதான், கணக்கு ஒத்துவரும். இனி இடம் வலம். புத்தகம் எழுதிய பண்டிதர் பூமியின் வடபாதியில் தெற்குப் பார்த்து நிற்கிறவனுக்காக எழுதிவிட்டார், மறுபாதியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தெற்குப் பார்த்து நின்றால் கிழக்கு இடது கைப்பக்கம். நீங்கள் இருப்பது தென்பாதி, அங்கே அந்த மூன்று நட்சத்திரம் வடக்கில் தெரியும், உங்கள் பால்கனியும் வடக்குப் பார்த்தது, வடக்குப் பார்த்து நின்றால் கிழக்கு வலது கைப்பக்கம். நட்சத்திரம் அதே கிழக்கிலிருந்து அதே மேற்குக்குத்தான் போகிறது, ஆள்தான் திரும்பி நிற்கிறான். அவனைப் பால்கனிக் கம்பியின்மேல் ஏறவிடாதே.

இரண்டாவது விஷயம் நீ எனக்கு எழுதிய பாராட்டு. கோளரங்கத்தில் வானம் தலைகீழாகச் சுற்றிய கதையை உன் அண்ணன் போனில் சொன்னானாம், நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம், அலுவலகத்தில் கூட இருக்கும் மூன்று பேரிடமும் சொன்னாயாம், கடைசியில் எழுதியிருக்கிறாய், அப்பா பார்த்து மாட்டியிருந்தால் இப்படி நடக்குமா, வயர் பிடிக்கிறவர்களிடம் வானத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று. இந்த வரியை நான் ஐந்து தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். என்ன, மகள் மெச்சியிருக்காளா, முகத்துல ஈ ஆடலையே என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நாக்கு சாப்பிட மட்டும்தான் வெச்சிருக்கா என்று கேட்டுவிட்டு உள்ளே போய், அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் இருந்த பச்சை அட்டை நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து என் எதிரே போட்டாள். முப்பத்து நாலு வருஷமா மேஜைமேல இருந்த நோட்டு, பத்து நாளா சட்டைக்கு அடியில எதுக்குப் போய்ப் படுத்திருக்கு என்றாள். உன் அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. அவளுக்கு இருக்கும் புத்தியில் கால்வாசி அந்த அரங்கத்தின் ஆலோசனைக் குழுவுக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றபிறகும் கோளரங்கத்தில் எதையாவது கழற்றும்போது கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஆலோசகர் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். போன மாதம் நட்சத்திர உருண்டையைச் சுற்றவைக்கும் மோட்டார் புகைந்துவிட்டது. நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், அரங்கத்தின் நடுவில் ஊசித்துளை போட்ட பெரிய உருண்டை, உள்ளே விளக்கு, ஒவ்வொரு துளையும் கூரையில் ஒரு நட்சத்திரம். புது மோட்டாரை மாட்டியவர் அங்கே இருக்கும் மின்பணிக்காரப் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், எல்லோரும் ஃபியூஸ் அக்கா என்று கூப்பிடுவார்கள், எதிலும் கை வைப்பதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அந்தப் பழக்கத்துக்காக. வாய் கொஞ்சம் அதிகம். நான் நோட்டில் எழுதிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சார் நீங்க ஒரு பக்கம் எழுதி முடிக்கறதுக்குள்ள பூமி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடும் என்பார். அந்த மோட்டாரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய மோட்டார் எந்தப் பக்கம் சுற்றியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை, எல்லாவற்றையும் குறித்துவைக்கும் நானும் குறித்துவைக்கவில்லை, தினமும் பார்ப்பதை யார் குறிக்கிறார்கள். அவர் ஏணிமேல் நின்றுகொண்டு, சார் எந்தப் பக்கம் சுத்தணும் என்று கேட்டார். நான் உடனே, மேற்கிலிருந்து கிழக்கு என்றேன். நிச்சயமா சார் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அம்மா, மேற்கிலிருந்து கிழக்கு என்றேன். கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னேன், அதையும் எழுதவேண்டும். அப்ப எழுதிக் குடுங்க என்றார். நோட்டில் தேதி, நேரம் போட்டு, சுழலும் திசை மேற்கிலிருந்து கிழக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவர் அடியில் சுருக்கொப்பம் போட்டார், நோட்டு என் பைக்குள் போனது.

இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். பூமி சுற்றுவது மேற்கிலிருந்து கிழக்கு. ஆனால் அந்த உருண்டை பூமி இல்லை, அது வானம். பார்க்க வருகிறவர்கள் பூமியில் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காக வானம் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றவேண்டும். வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும், நட்சத்திரம் சுற்றவில்லை பூமிதான் சுற்றுகிறது என்று திருத்தித் திருத்திச் சொன்ன ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. எதுவும் தெரியாதவன், தினம் நட்சத்திரம் எப்படிப் போகுதோ அப்படியே சுத்தட்டும் என்று சரியாகச் சொல்லியிருப்பான். எனக்குத் தெரிந்தது ஒரு படி அதிகம், அந்த ஒரு படிதான் வழுக்கியது. ஃபியூஸ் அக்கா, விளக்கை அணைச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா சார் என்றும் கேட்டார். நாலு மணிக்கு மறுதிறப்பு விழா, விருந்தினர் வந்துவிட்டார்கள், நான் வேண்டாம் என்றேன். சிறிய சத்தத்துக்கும் சந்தேகப்பட்டு எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறவன் நான். சந்தேகம் வரவேண்டிய அந்த ஒரு நொடியில் வரவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் உனக்கு மனித குலத்தின்மேல் மரியாதை குறையும், குறையட்டும். இயக்குநரை நாங்கள் முன்னுரை என்போம், தண்ணீர் வேண்டும் என்பதற்குக்கூட அவருக்குக் கால் மணி நேர முன்னுரை வேண்டும். நீச்சல்குளங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை இங்கே மாற்றியிருக்கிறார்கள், வானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது கூரைக்கு மேலே இருக்கிறது என்பது ஒன்றுதான். விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இதோ பாருங்கள் கிழக்கு வானிலிருந்து நட்சத்திரங்கள் எழுகின்றன என்று கையை நீட்டினார். அரங்கத்தின் விளிம்பில் கிழக்கு என்று சிவப்பு எழுத்து எரிகிறது, நட்சத்திரங்கள் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மறைகின்றன. எல்லோரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் ஒரு பேராசிரியர், வானவியலில் இரண்டு புத்தகம் எழுதியவர், துல்லியம் துல்லியம் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாராம். சூரியனுக்கான விளக்கு போன வருஷமே எரிந்துபோய் இன்னும் மாற்றவில்லை, அதனால் சூரியன் மேற்கில் உதிக்கும் அசிங்கம் மட்டும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று காட்சி, ஒன்பது நாள், குறைந்தது நாலாயிரம் பேர், ஆசிரியர்கள் உட்பட. எல்லோரும் மெத்தை நாற்காலியில் சாய்ந்து, அண்ணாந்து, வாய் திறந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ராத்திரி வெளியே வந்து தலையை நிமிர்த்தியவன் இருந்தால்தானே தெரியும், இவர்கள் வானத்தைப் பார்த்ததே டிக்கெட் வாங்கித்தான்.

அவர்களை இப்படி ஏசுகிறேனே, நான் என்ன செய்தேன் என்பதையும் கேள். மூன்றாம் நாள் சும்மா பார்க்கலாம் என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாலு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. உடனே எழுந்து சொல்லவில்லை. நான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று முதலில் என்னையே சந்தேகித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று புத்தகம் பார்த்தேன், மாடிக்குப் போய் நிஜ வானத்தையும் பார்த்தேன், அது எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று படுத்தேன். தினமும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், யாராவது சொல்லமாட்டார்களா என்று. ஒன்பதாம் நாள் ஒருவர் சொன்னார். சிமெண்டு ஆலையில் இருபத்தாறு வருஷம் இரவுக் காவல் பார்த்தவர், பேத்தியைக் கூட்டிவந்திருந்தார். இருட்டில் எழுந்து நின்று, ஐயா, இது பின்னாடி ஓடுது, எங்க ஆலையில மூணு நட்சத்திரமும் கேட்டுக்கு மேல கெளம்பி கொடோனுக்குப் பின்னாடி எறங்கும், இங்க கொடோன்லேருந்து கேட்டுக்கு வருது என்றார். அரங்கமே சிரித்தது. யோவ் பெருசு, மறைக்குது உக்காரு என்று ஒரு குரல். முன்னுரை ஒலிபெருக்கியில், பெரியவரே, இது விஞ்ஞானம், உங்கள் ஆலை வாசல் இல்லை என்றார், மறுபடி சிரிப்பு. நான் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை, வெளியே பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் ஆலையின் வாசல் கேட்டையும் கொடோன் கிடங்கையும் படமாகவே வரைந்து வைத்துவிட்டுப் போனார், அது ஒரு பத்திரிகைக்காரர் கண்ணில் பட்டது, மறுநாள் அரங்கத்தைப் பூட்டினார்கள்.

பழி யார் தலையில் விழுந்தது என்பது உனக்கே தெரியும், நீயும் ஒரு கைப்பிடி மண் போட்டிருக்கிறாய். ஃபியூஸ் அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சார்தான் சொன்னார், அவர் நோட்டுல இருக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். முன்னுரை எனக்குப் போன் செய்தார், அவ்வளவு முறையான மனிதர் நீங்கள், அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை, இருந்தாலும் நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். தேடிப் பார்க்கிறேன் சார் என்றேன். போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துச் சட்டைக்கு அடியில் வைத்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கோழைத்தனம் செய்திருக்கிறேன், எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது, இதுபோல ஒன்று இல்லை. நாளை பத்தரை மணிக்கு விசாரணை. விசாரிக்கப்போகிறவர்கள் முன்னுரை, மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி, மூன்றாவது அந்தத் துல்லியப் பேராசிரியர். இவர்கள் மூன்று பேரையும் இந்தக் கடிதத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்வேன், நேரில் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிடுவேன், எனக்கு முதுகெலும்பு பேனாவில்தான் இருக்கிறது. நாளைக்கு நான் போவேன் என்று எழுத ஆசை. ஆனால் நடக்காததை எழுதமாட்டேன். அம்மா இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டாள். நாளைக்கு நீங்க நோட்ட எடுத்துட்டுப் போகலைன்னா இத அப்படியே கவர்ல போட்டு நானே தபால்ல சேத்துடுவேன், உங்க மகளுக்கு அப்பன் யாருன்னு தெரியட்டும் என்று சொல்லி, இந்தத் தாள்களைத் தன் தலையணைக்கு அடியில் வைக்கப்போகிறாள்.

புதன், மத்தியானம்

போனேன். ஒரு தடவை பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன், அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஃபியூஸ் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே போய் எதுவும் பேசாமல் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். பேராசிரியர், மேற்கிலிருந்து கிழக்கு சரிதானே, இதில் என்ன தப்பு என்று கேட்டார். புத்தகம் இரண்டு எழுதியவர். உருண்டை பூமி இல்லை சார், வானம் என்றேன். முன்னுரை நீண்ட முன்னுரைக்குப் பிறகு, பெரியவர் மனம் இளகி அந்த அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கிறார், அறிக்கையில் கவனக்குறைவு மின்பணியாளர் என்று ஏற்கெனவே தட்டச்சு ஆகிவிட்டது, இதை அப்படியே விட்டுவிடலாமே என்றார். பத்து நாளாக நான் கும்பிட்டு வேண்டிக்கொண்டது இதைத்தான், தட்டில் வைத்து நீட்டினார். தட்டச்சு ஆகிவிட்டதால் ஒரு குடும்பத்தின் சோறு போகட்டும் என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு கூசவில்லை. அவரைப் பார்த்த அருவருப்பில்தான் எனக்குப் பயம் போனது என்று நினைக்கிறேன், வீரத்தில் இல்லை. தப்பு என்னுடையது, மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், வேண்டுமானால் வராந்தாவில் போய் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கிறேன் என்றேன். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். பயம் என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நாளையிலிருந்து ஃபியூஸ் அக்காவுக்கு வேலை உண்டு. என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வெளியே என்ன சொல்வது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தொழில்நுட்பக் காரணத்தால் காட்சிகள் நிறுத்தப்பட்டிருந்தன என்று அறிவிப்புப் போடுகிறார்கள். வராந்தாவில் நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்க வீட்டுக்காரர் நீங்க வந்துடுவீங்கன்னாரு, நான் வரமாட்டீங்கன்னு அடிச்சுச் சொன்னேன், இனிமே ஒரு மாசம் அவர் பேச்சைத் தாங்கணும், அதுவும் உங்களாலதான் என்றார். மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க, வந்து டார்ச்சப் பிடிங்க என்று அரங்கத்துக்குள் கூட்டிப்போனார். ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏறி நின்றுகொண்டு, வேண்டுமென்றேதான் கேட்டார், இப்ப சொல்லுங்க சார், எந்தப் பக்கம் சுத்தணும் என்று. எனக்குப் பதில் நன்றாகத் தெரியும். ஆனாலும், தெரியலம்மா, விளக்க அணைச்சு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் என்றேன். அவர் ஏணிமேல் இருந்தபடியே, இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குப் பத்து நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்றார். பிறகு இரண்டு வயரையும் மாற்றிப் போட்டு, ஃபியூஸை மாட்டி, விளக்கை அணைத்தோம். மூன்று நட்சத்திரமும் சிவப்பு எழுத்துக்கு மேலே, கிழக்கில், ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு தடவை முழுச் சுற்றும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பேரனுக்கு என் ஆசி, படிப்பு நன்றாக வரட்டும், எவனாவது அடித்துச் சொன்னால் நீ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்று முதலில் கேட்கச் சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ எல்லா நலமும் பெற்று, நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய்யவேண்டும். அந்த வயர் பிடிக்கிற பெண்ணைப் பற்றி மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தாய் அல்லவா, அதே மூன்று பேரிடமும் போய் வயரைத் தப்பாகச் சொன்னது என் அப்பா என்று சொல்லவேண்டும். சிரித்தாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு எந்தத் தேதியில் சொன்னாய் என்று எனக்கு எழுது, நோட்டில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
தொழில்நுட்பக் காரணம்.